வாசகர் கேள்வி – பதில்: எஞ்சினுக்குள் போகும் காற்றை எடைபோடும் உணரி

வாகனப் பராமரிப்பு குறித்து இந்தப் பகுதிக்கு வந்த கேள்விகளில் பல, காற்றோட்ட உணரி என்ற ஒரே பாகத்தைப் பற்றியவை. பணிமனைகளில் ஏர் ஃப்ளோ சென்சார் என்றும் எம்.ஏ.எஃப். சென்சார் என்றும் வழங்கும் அந்தப் பாகத்தைப் பற்றிய கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: எஞ்சினின் கொள்ளளவும் அது சுழலும் வேகமும் தெரிந்தால், உள்ளே போகும் காற்று எவ்வளவு என்று கணக்கிட்டுவிடலாமே. அதற்குத் தனியாக ஓர் உணரி எதற்கு?

பதில்: தாங்கள் சொல்லும் கணக்கில் கிடைப்பது காற்றின் கனஅளவு. எரிதலுக்கு வேண்டியது காற்றின் நிறை. ஒரு கிலோ பெட்ரோல் குறையின்றி எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று தேவைப்படுகிறது. இதையே லிட்டரில் சொன்னால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று வேண்டும். ஆனால் அந்த 9,000 என்ற எண் நிலையானது அன்று. கடல் மட்டத்தில் ஒரு கனமீட்டர் காற்று, வெப்பநிலை 0 டிகிரி செல்சியஸாக இருக்கும்போது 1.29 கிலோ எடையும், 40 டிகிரியாக இருக்கும்போது 1.13 கிலோ எடையும் கொண்டிருக்கும். 2,000 மீட்டர் உயரமுள்ள மலைப்பாதையில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. இவற்றோடு, ஆக்ஸிலரேட்டரை விட்டதும் காற்று நுழையும் வாயிலான த்ராட்டில் மூடிக்கொள்வதால், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்தனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டுக்குள் இருக்கும் காற்று இன்னும் மெலிந்துபோகிறது. ஆகவே ஒரே எஞ்சின், ஒரே வேகத்தில், ஒரே கனஅளவுள்ள காற்றை இழுத்தாலும் அதன் எடை பல மடங்கு வேறுபடலாம். அந்த எடையை நொடிக்கு இத்தனை கிராம் என்று அளந்து கட்டுப்பாட்டுக் கணினிக்குச் சொல்வதுதான் இந்த உணரியின் வேலை. பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதைக் கணினி அதைக் கொண்டே முடிவுசெய்கிறது.

கேள்வி: அசையும் பாகம் எதுவுமே இல்லாமல், ஒரு மெல்லிய கம்பி ஓடும் காற்றை எப்படி எடைபோடுகிறது?

பதில்: அது நேரடியாக அளப்பது வெப்ப இழப்பை. அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம், காற்று வீச வீச விரைவாக ஆறுவதைப் போலத்தான் உணரிக்குள் இருக்கும் சூடான கம்பியும் ஆறுகிறது. உணரியின் மின்சுற்று அதை ஆறவிடாமல், உள்ளே வரும் காற்றின் வெப்பநிலையைவிட ஒரு குறிப்பிட்ட அளவு, பல வடிவமைப்புகளில் 100 டிகிரி அல்லது அதற்கு மேல், சூடாகவே எப்போதும் வைத்திருக்கிறது. பிளாட்டினக் கம்பி குளிர்ந்தால் அதன் மின்தடை குறையும். வீட்ஸ்டன் பாலம் எனப்படும் மின்சுற்று அந்த மாற்றத்தை உடனே உணர்ந்து, இழந்த சூட்டை ஈடுசெய்யும் அளவுக்கு மின்னோட்டத்தைக் கூட்டுகிறது. அந்த மின்னோட்டமே அளவீடாகிறது. அருகில் இருக்கும் இன்னொரு சிறிய உணரி, வரும் காற்றின் வெப்பநிலையைத் தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதால், வெயிலும் குளிரும் கணக்கைக் குலைப்பதில்லை. அடர்த்தி மிகுந்த காற்றில் மூலக்கூறுகள் அதிகம். அவை அதிக வெப்பத்தை எடுத்துச் செல்லும். எனவே உயரத்திற்கான திருத்தமும் இந்த முறைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. இதன் அழகு இதில்தான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

இதன் அடிப்படைக் கணக்கை, கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக இயற்பியலாளர் லூயி வெஸ்ஸோ கிங் 1914இல் வகுத்தார். கம்பி இழக்கும் வெப்பம், காற்றோட்டத்தின் வர்க்கமூலத்தை ஒட்டி உயர்கிறது என்பது அதன் சாரம். அதாவது காற்று நான்கு மடங்கானால் வெப்ப இழப்பு ஏறத்தாழ இரண்டு மடங்குதான் ஆகும். இந்த ஒரு செய்தியை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஏனெனில் உணரி பழுதாகும் விதம் முழுவதும் இதிலிருந்தே விளங்கும். வெப்பத்தை அளப்பதில் 5 விழுக்காடு பிழை நேர்ந்தால், மிகுந்த காற்றோட்டத்தின்போது அது காற்றின் கணக்கில் ஏறத்தாழ 10 விழுக்காட்டுப் பிழையாகப் பெருகிவிடும்.

1970களில் வந்த பழைய அமைப்புகளில், காற்று ஒரு மடலைத் தள்ளித் திறக்க, அம்மடல் திரும்பிய கோணமே அளவாகக் கொள்ளப்பட்டது. சூடான கம்பி 1980களின் தொடக்கத்தில் கார்களுக்கு வந்தது. பிறகு கம்பியின் இடத்தை, மிக மெல்லிய தகட்டின் மேல் படிய வைத்த வெப்பப் படலம் எடுத்துக்கொண்டது. இன்று பரவலாக இருப்பது இந்தப் படல வகைதான். அதில் சூடேற்றும் பகுதிக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு வெப்ப உணரி இருக்கும். காற்று ஓடும்போது முன்னது குளிர்ந்தும் பின்னது சூடாகவும் இருப்பதால், அந்த வேறுபாட்டைக் கொண்டு காற்றின் அளவோடு அது செல்லும் திசையையும் அறிய முடிகிறது. வால்வுகள் திறந்து மூடும்போது காற்று சற்றே பின்னோக்கி அலைபாயும் என்பதால், திசையை அறிவது தேவையற்ற ஆடம்பரம் அன்று. அதை அறியாவிட்டால் திரும்பி வந்த காற்றையும் உள்ளே போன கணக்கில் சேர்க்க நேரிடும்.

கேள்வி: என் காரில் மெக்கானிக் எவ்வளவு தேடியும் இந்த உணரி கிடைக்கவில்லை. கழற்றி எடுத்துவிட்டார்களா?

பதில்: அப்படி அஞ்ச வேண்டியதில்லை. சிறிய பெட்ரோல் கார்கள் பலவற்றில் இந்த உணரி வடிவமைப்பிலேயே கிடையாது. மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் எம்.ஏ.பி. சென்சார், காற்றின் வெப்பநிலை, எஞ்சின் வேகம் ஆகிய மூன்றையும் கொண்டு கணினி காற்றின் எடையைக் கணக்கிட்டுக்கொள்ளும். கீழே வரும் பதில்கள் அத்தகைய கார்களுக்குப் பொருந்தா.

கேள்வி: கம்பியோ படலமோ எதன் மீதும் உரசுவதில்லை. அப்படியிருந்தும் இது ஏன் கெட்டுப்போகிறது?

பதில்: உரசுவதால் தேய்வது மட்டுமே தேய்மானம் என்று கொள்ளக் கூடாது. சூடான கம்பியின் மீது நுண்தூசியும் எண்ணெய்ப் படிவும் சேர்ந்தால், அவை ஒரு போர்வையாக அமைந்து வெப்பத்தை வெளியே விடாமல் தடுக்கின்றன. கம்பி முன்புபோல் குளிர்வதில்லை. அதைச் சூடாக வைக்கக் குறைந்த மின்னோட்டமே போதுமானதாகிறது. கணினியோ காற்றுக் குறைவாக வருகிறது என்று எண்ணிப் பெட்ரோலைக் குறைக்கிறது. படிவு கனத்த நிலையில், காற்று மெதுவாகச் செல்லும் ஐட்லிங்கில் (வண்டி நிற்க, எஞ்சின் மட்டும் ஓடும் நிலை) உணரி சற்றுக் கூட்டியும், வேகமெடுக்கும்போது வெகுவாகக் குறைத்தும் சொல்வதைக் காணலாம். மேலே சொன்ன வர்க்கமூலக் கணக்கினால், குறைத்துச் சொல்லும் பிழைதான் பெரிதாகி நமக்குத் தொல்லை தருகிறது.

தூசி எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். நல்ல காகித ஏர் ஃபில்டரும் மிக நுண்ணிய துகள்களில் ஒரு சிறு பங்கை விட்டுவிடவே செய்யும். பல ஆண்டுகளில் அது சேர்கிறது. ஆனால் விரைவில் பழுதான உணரிகளின் பின்னணியைப் பார்த்தால், ஃபில்டர் பெட்டியின் மூடி சரியாகப் பொருந்தாமலிருப்பது, கிளிப் உடைந்திருப்பது, ஃபில்டரின் ரப்பர் விளிம்பு மடங்கிப்போயிருப்பது ஆகிய மூன்றில் ஒன்றே பெரும்பாலும் காரணமாக இருக்கிறது. ஃபில்டரைப் புதிதாக மாற்றாமல் கம்ப்ரஸர் காற்றால் ஊதி மீண்டும் பொருத்துவதும் கெடுதலே. அழுத்தமான காற்று காகிதத்தின் நுண்துளைகளைப் பெரிதாக்கிவிடுகிறது. தூசி படிந்த பக்கத்திலிருந்து ஊதினால் தூசியைத் தூய பக்கத்துக்குத் தள்ளியும் விடுகிறது. எண்ணெய் தடவிய பஞ்சு ஃபில்டர்களைப் பயன்படுத்துவோர், கழுவியபின் எண்ணெயை அளவுக்கு மேல் பூசினால், அது காற்றோடு பிரிந்து வந்து உணரியின் மீது படியும்.

எதிர்த் திசையிலிருந்தும் மாசு வருகிறது. எஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸிலிருந்து வெளியேறும் எண்ணெய் ஆவி, உணரிக்குப் பின்னால் இருக்கும் குழாயில்தான் சேர்க்கப்படுகிறது. எஞ்சின் ஓடும்போது அது உள்ளே இழுக்கப்பட்டுவிடும். நிறுத்திய பிறகோ, சூடான குழாயில் தங்கியிருக்கும் ஆவி மெல்லப் பரவி உணரி வரை வந்து படிகிறது. தேய்ந்த எஞ்சின்களில் இந்த ஆவி மிகுதியாக இருப்பதால், அவற்றில் உணரியும் விரைவாக அழுக்காகிறது. பழைய கம்பி வகை அமைப்புகள் சிலவற்றில், எஞ்சினை நிறுத்தியதும் கம்பியை ஒரு நொடி அளவுக்கு 1,000 டிகிரி வரை பழுக்கச் செய்து படிவை எரித்துவிடும் ஏற்பாடு இருந்தது. படல வகையில் அது பொதுவாக இல்லை. படிவு எளிதில் சேராதபடி காற்றுவழியை வளைத்து அமைத்துச் சமாளிக்கிறார்கள்.

இவையெல்லாம் அழுக்கின் கணக்கு. உண்மையான தேய்மானமும் உண்டு. வெப்பப் படலத்தைத் தாங்கும் தகடு சில மைக்ரோமீட்டர் கனமே உடையதாக இருக்கலாம். வேகமாக வந்து மோதும் மணல் துகளும் நீர்த்துளியும் அதைச் சிதைக்கக்கூடும். ஆயிரக்கணக்கான முறை சூடாகிக் குளிர்வதால் அதன் மின்தடை சிறிது சிறிதாக விலகிப்போவதும் உண்டு. இத்தகைய சேதத்தை எந்தத் திரவத்தாலும் கழுவிச் சரிசெய்ய முடியாது.

கேள்வி: கார் மேடேறும்போது இழுவை குறைந்துவிட்டது, மைலேஜும் குறைந்திருக்கிறது. எச்சரிக்கை விளக்கு எரியவில்லை. பணிமனையில் உணரியை மாற்றச் சொல்கிறார்கள். அது பழுதுதான் என்று எப்படி உறுதிசெய்வது?

பதில்: விளக்கு எரியாததால் உணரி நன்றாக இருக்கிறது என்று கொள்ள முடியாது. கம்பி அறுந்தால் அல்லது மின்இணைப்பு விட்டுப்போனால் பி0102, பி0103 போன்ற குறியீடுகளைக் கணினி உடனே பதிவுசெய்யும். உணரி மெல்ல மெல்லத் தவறான அளவைச் சொல்லத் தொடங்கும்போது, அந்தத் தவறு ஓர் எல்லையைத் தாண்டும்வரை கணினி அதைத் தானே சரிக்கட்டிக்கொண்டிருக்கும். புகைவழியில் உள்ள ஆக்ஸிஜன் சென்சார், கலவையில் பெட்ரோல் குறைந்திருப்பதைச் சொல்ல, கணினி அதற்கேற்ப எரிபொருளைக் கூட்டுகிறது. இந்தத் திருத்தத்திற்கு ஃபியூயல் ட்ரிம் என்று பெயர். நல்ல நிலையில் உள்ள எஞ்சினில் இது பூஜ்யத்தை ஒட்டி, கூடினாலும் குறைந்தாலும் 10 விழுக்காட்டுக்குள் நிற்கும்.

காரின் கணினிப் பதிவுகளைக் காட்டும் ஸ்கேனரில் பார்க்க வேண்டியது குறியீட்டை மட்டும் அன்று. இந்த ட்ரிம் எந்த நிலையில் உயர்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஐட்லிங்கில் 15, 20 என்று உயர்ந்திருந்து, எஞ்சினை நிமிடத்துக்கு 2,500 சுழற்சிக்குக் கொண்டுபோனதும் இயல்புக்கு இறங்கினால், உணரிக்குப் பின்னால் எங்கோ ஒரு விரிசல் வழியாகக் கணக்கில் வராத காற்று நுழைகிறது என்று பொருள். ஐட்லிங்கில் மொத்தக் காற்றே குறைவு என்பதால் அந்தக் கசிவு பெரிதாகத் தெரிகிறது. மாறாக, ஐட்லிங்கில் இயல்பாக இருந்து, பாரம் ஏற ஏற ட்ரிம் உயர்ந்தால், உணரி குறைத்துச் சொல்கிறது அல்லது பெட்ரோல் பம்ப் போதிய எரிபொருளைத் தரவில்லை. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ உள்ள எஞ்சினில் இன்னொரு வாய்ப்பும் உண்டு: அளந்த காற்று டர்போவுக்குப் பிந்திய குழாயில் வெளியே கசிந்தால், கலவையில் பெட்ரோல் மிகுந்து ட்ரிம் எதிர்மறையாகச் செல்லும்.

உணரியா பம்பா என்பதைப் பிரித்தறிய ஒரு கணக்கு இருக்கிறது. நான்கு வீச்சு எஞ்சின் இரண்டு சுழற்சிக்கு ஒரு முறை தன் முழுக் கொள்ளளவையும் இழுக்கிறது. 1.5 லிட்டர் எஞ்சின் 6,000 சுழற்சியில் நிமிடத்துக்கு 4,500 லிட்டர் காற்றை இழுக்க வேண்டும். லிட்டருக்கு 1.2 கிராம் என்று கொண்டால் அது நொடிக்கு 90 கிராம். நடைமுறையில் சிலிண்டர்கள் 80 முதல் 90 விழுக்காடு வரையே நிரம்பும் என்பதால், டர்போ இல்லாத நல்ல எஞ்சினில் ஆக்ஸிலரேட்டரை முழுவதும் அழுத்திய நிலையில் 70 முதல் 80 கிராம் வரை ஸ்கேனரில் தெரிய வேண்டும். வெயிலிலும் மலையிலும் அது இன்னும் சற்றுக் குறையும். ஆளில்லாத, பாதுகாப்பான பாதையில், இன்னொருவர் ஸ்கேனரைப் பார்க்க, தாழ்ந்த கியரில் இதைச் சோதிக்கலாம். எண் 50ஐ ஒட்டியே நின்று ட்ரிம்மும் உயர்ந்திருந்தால், ஃபில்டரும் சைலென்சரும் அடைபடவில்லை என்று உறுதிசெய்துகொண்டபின் உணரியைச் சந்தேகிப்பது முறையானதே. எண் சரியாக இருந்தும் கலவையில் பெட்ரோல் குறைந்தால், பம்பையும் எரிபொருள் ஃபில்டரையும் பார்க்க வேண்டும்.

தங்கள் காரின் இழுவை குறைந்ததற்கும் இதில் விளக்கம் இருக்கலாம். காற்றைக் குறைத்துக் காட்டும் உணரியை நம்பும் கணினி, எஞ்சின் மீதுள்ள பாரமும் குறைவு என்று கருதி, கலவையைப் பற்றவைக்கும் தீப்பொறியை வழக்கத்தைவிட முன்கூட்டியே தட்டுகிறது. அதனால் கலவை தாறுமாறாக வெடிக்கும் நாக்கிங் எழ, அதை உணரும் நாக் சென்சாரைக் கொண்டு கணினி தீப்பொறியைத் தாமதமாக்க, சக்தி குறைகிறது. எரிபொருள் குறைந்த கலவையில் முழுப் பாரத்தோடு நெடுநேரம் ஓட்டுவது பிஸ்டனுக்கும் வால்வுக்கும் நல்லதன்று. ஆகவே விளக்கு எரியவில்லை என்று இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: உணரியின் இணைப்பைக் கழற்றிவிட்டு ஓட்டினால் கார் நன்றாக இழுக்கிறது. அப்படியானால் உணரி பழுதுதானே?

பதில்: பெட்ரோல் காராக இருந்தால் அது வலுவான அறிகுறியே. இணைப்பு இல்லாதபோது கணினி, த்ராட்டில் திறந்திருக்கும் அளவையும் எஞ்சின் வேகத்தையும் வைத்து ஒரு பொதுவான கணக்கைப் பயன்படுத்துகிறது. அந்த உத்தேசக் கணக்கு உணரியின் அளவைவிட நன்றாக வேலை செய்கிறது என்றால் உணரியில் குறை இருக்கிறது. டீசல் காரில் இந்தச் சோதனையை நம்பக் கூடாது. அங்கே இந்த உணரியின் முதன்மையான பணிகள், இ.ஜி.ஆர். வால்வு வழியாக மீண்டும் எஞ்சினுக்குள்ளேயே திரும்பி வரும் புகையின் அளவைக் கட்டுப்படுத்துவதும், கரும்புகை எழாதபடி டீசலுக்கு வரம்பு வைப்பதும் ஆகும். இணைப்பைக் கழற்றியதும் பல கார்களில் இ.ஜி.ஆர். மூடிக்கொள்வதால், உணரி நல்ல நிலையில் இருந்தாலும் எஞ்சின் சற்று உற்சாகமாக ஓடும். இரு வகையிலும், கழற்றிய நிலையிலேயே ஓட்டிக்கொண்டிருப்பது தீர்வாகாது.

கேள்வி: உணரியை வீட்டிலேயே கழுவலாமா?

பதில்: கழுவலாம், மாற்றுவதற்கு முன் ஒரு முறை கழுவிப் பார்ப்பதே முறை என்பது என் கருத்து. ஆனால் இதற்கென்றே விற்கப்படும் எம்.ஏ.எஃப். கிளீனரை மட்டுமே பயன்படுத்த வேண்டும். கார்புரேட்டர் கிளீனர், பிரேக் கிளீனர், பெட்ரோல் ஆகியவை உணரியின் பிளாஸ்டிக்கையும் பூச்சையும் அரிக்கலாம், அல்லது உலர்ந்தபின் மெல்லிய படிவை விட்டுச்செல்லலாம். எஞ்சின் ஆறிய பிறகு, இக்னிஷனை அணைத்து, கனெக்டரைக் கழற்றி, உணரியை நேராக வெளியே இழுத்து எடுக்கவும். கம்பியிலும் படலத்திலும், பக்கத்தில் மணிபோல் இருக்கும் வெப்பநிலை உணரியிலும், சற்றுத் தள்ளிப் பிடித்துப் பத்துப் பதினைந்து முறை திரவத்தைப் பீய்ச்சினால் போதும். விரலோ பஞ்சோ தூரிகையோ படவே கூடாது. கம்ப்ரஸர் காற்றும் ஆகாது. தானாக முற்றிலும் உலரும்வரை காத்திருந்து, அம்புக்குறி எஞ்சினை நோக்கி இருக்கும்படியும், ரப்பர் வளையம் மடங்காதபடியும் திரும்பப் பொருத்தவும். உலராமல் மின்சாரம் கொடுத்தால் சூடேறும் பகுதியில் திரவம் தீப்பற்றும் அபாயமும் உண்டு.

கழுவியபின் ஃபியூயல் ட்ரிம்மின் பழைய பதிவை ஸ்கேனரால் அழித்துவிட்டு, சில நாள் ஓட்டிய பிறகு மீண்டும் பார்க்கவும். இயல்புக்கு வந்திருந்தால் வேலை முடிந்தது. ஃபில்டர் பெட்டியின் மூடியையும் ரப்பர் விளிம்பையும் மட்டும் சரிபார்க்க மறவாதீர்கள். மாற்றமே இல்லையென்றால் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் கழுவுவதில் பயனில்லை.

கேள்வி: புதிய உணரி பொருத்தியும் குறை அப்படியே இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில், உணரிக்கும் த்ராட்டிலுக்கும் இடையில் உள்ள ரப்பர் குழாயைக் கழற்றி, அதன் மடிப்புகளை விரித்துப் பார்க்கவும். பொருத்திய நிலையில் கண்ணுக்குப் படாத விரிசல் அங்கேதான் ஒளிந்திருக்கும். அடுத்து, கனெக்டரின் பின்களில் பச்சை படிந்திருக்கிறதா, கம்பி எங்கேனும் உரசி அறுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏர் ஃபில்டர் பெட்டியையோ குழாயையோ வேறு அளவில் மாற்றியிருந்தால், அதுவே காரணமாகலாம். உணரி, குழாயில் செல்லும் காற்றில் ஒரு சிறு பங்கை மட்டும் தன் காற்றுவழியில் எடுத்து அளந்து, குழாயின் விட்டத்தைக் கொண்டே மொத்தத்தைக் கணக்கிடும்படி அமைக்கப்பட்டது. விட்டம் மாறினால் கணக்கும் மாறிவிடும். இவை அனைத்தும் சரியாக இருந்தால், புதிய உணரியின் பாக எண் தங்கள் எஞ்சினுக்கு உரியதுதானா என்று ஒப்பிடவும். வெளித்தோற்றமும் கனெக்டரும் ஒன்றாகவே இருந்தும், இத்தனை வோல்ட்டுக்கு இத்தனை கிராம் என்ற அளவீட்டு வளைவு வேறாக உள்ள உணரிகள் சந்தையில் இருக்கின்றன. அவற்றைப் பொருத்தினால் கார் ஓடும், ஆனால் ட்ரிம் ஒருபோதும் பூஜ்யத்தை ஒட்டி வராது.